பிஞ்சுத் தமனிக்கு ஏற்ற ஒட்டு எது?

மேற்குக் கடலை நோக்கி ஓடிய பெரியாற்றை மலைமேல் அணைகட்டித் தேக்கி, மலையைக் குடைந்து, 1895ஆம் ஆண்டில் கிழக்கே திருப்பிவிட்டனர். அந்நீர் இறங்கிப் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையே உள்ளது அனுமந்தன்பட்டி. ஓரிடத்து ஓட்டத்தை இன்னோரிடத்துக்குத் திருப்புவது எத்தகைய வேலை என்பதை இவ்வூர் உழவர்களுக்கு எடுத்துச்சொல்லத் தேவையில்லை. வாய்க்கால் வெட்டிவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது என்பதும் அவர்கள் அறிந்ததே. உடைந்த கரையை எதைக்கொண்டு அடைப்பது என்ற கேள்வி பின்னாலேயே வரும். மணலைக் கொட்டினால் அரித்துப் போகும். கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டினால் அந்த இடம் நிற்கும். அதை அடுத்த மண்கரை உடையும்.

மனித இதயத்திலும் இத்தகைய வேலை நடைபெறுகிறது. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு முதல் பத்துக் குழந்தைகள் வரை இதயத்தில் ஏதேனும் ஒரு குறையுடன் பிறக்கின்றன. இவற்றுள் பல சிறு துளைகள்; சில தாமாகவே மூடிக்கொள்ளும். வேறு சில குழந்தைகளுக்கோ இதயத்திலிருந்து புறப்படும் பெரிய தமனிகளே குறுகியோ, அடைபட்டோ, இடம் மாறியோ அமைந்துவிடுகின்றன. அவற்றை அறுத்து, விரித்து, ஒட்டுப்போட்டுச் செப்பனிட வேண்டும்.

அந்த ஒட்டுக்கு எந்தப் பொருளை எடுப்பது? எண்பது ஆண்டுகளாக அறுவை மருத்துவர்கள் இதற்கு விடை தேடி வருகின்றனர். சொந்தத் தமனி, இறந்தவரின் தமனி, துணி, இதய உறை, பன்றித் திசு, மாட்டுத் திசு என்று அவர்கள் முயலாத பொருள் குறைவு. ஏறக்குறைய எல்லாமே அறுவை மேசைமீது தேர்ச்சி பெற்றவைதாம். தோற்றவை பெரும்பாலும் தோற்றது ஆண்டுகள் பல கழித்தே. எனவே ஒட்டின் தரத்தைக் கடைசியில் தீர்ப்பது ஆய்வகம் அன்று. வளர்ந்து, மீண்டும் மருத்துவமனைக்கு வரும் குழந்தைதான். இந்த வரலாறு நமக்குச் சொல்லும் பாடமும் அதுவே.

ஒட்டு செய்ய வேண்டிய வேலை

பிறந்த குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 முறை துடிக்கிறது. ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் 1,80,000 துடிப்புகளுக்கு மேல். ஒவ்வொரு துடிப்பிலும் தமனி விரிந்து சுருங்குகிறது. அதன் சுவரில் ரப்பர் போன்று மீளும் இழைகளும், கயிறு போன்று தாங்கும் இழைகளும் உண்டு. அச்சுவரில் தைக்கப்படும் ஒட்டு கிழியக் கூடாது, கசியக் கூடாது, இரத்தத்தை உறையச் செய்யக் கூடாது, கிருமிகளுக்கு இடம் கொடுக்கக் கூடாது, தையலூசிக்கு வளைந்து கொடுக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு இவை போதும். குழந்தைக்கு இன்னும் ஒன்று வேண்டும். பிறக்கும்போது பெருந்தமனியின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். வளர்ந்த பிறகு அது மூன்று சென்டிமீட்டரை நெருங்குகிறது. தமனி வளரும்போது ஒட்டும் வளர வேண்டும். கடையில் வாங்கும் எந்தப் பொருளும் வளர்வதில்லை. சட்டை சிறுத்துப்போனால் வேறு தைத்துக்கொள்ளலாம். தமனி சிறுத்துப்போனால் மார்பை மீண்டும் திறக்க வேண்டும்.

தையற்காரியிடம் பயின்ற மருத்துவர்

தமனியைச் செப்பனிடும் கலை பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் தொடங்கியது. 1894இல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ அந்நகரில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். கல்லீரலுக்குச் செல்லும் பெரிய சிரை வெட்டுப்பட்டிருந்தது. வெட்டுண்ட இரத்தக் குழாயைத் தைத்து மூட அன்று எவருக்கும் தெரியாது. அங்கே மருத்துவ மாணவராக இருந்த அலெக்சிஸ் காரெல் இதை மறக்கவில்லை. பூவேலை செய்யும் ஒரு தையற்காரியிடம் சென்று, மெல்லிய ஊசியும் பட்டு நூலும் கொண்டு நுண்தையல் போடப் பழகினார்.

குழாயின் வட்ட வாயில் மூன்று இடங்களில் நூல் கோத்து இழுத்தால் அது முக்கோணமாகிவிடும். பிறகு மூன்று நேர்க்கோடுகளைத் தைத்தால் போதும். எளிய இந்த முறையை 1902இல் அவர் வெளியிட்டார். பின்னர் அமெரிக்கா சென்று, விலங்குகளில் தமனிக்குப் பதிலாகச் சிரையைப் பொருத்தியும், தமனிச் சுவரில் ஒட்டுப்போட்டும் ஆராய்ந்தார். 1912இல் நோபல் பரிசு பெற்றார். இன்று உலகில் எந்தக் குழந்தையின் தமனி தைக்கப்பட்டாலும் அதில் காரெலின் தையல் இருக்கிறது. ஆயினும் அந்தத் தையல் குழந்தைகளின் இதயக் குறைகளுக்குப் பயன்பட இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

சொந்தத் தமனியே முதல் ஒட்டு

1944இன் பிற்பகுதியில், சில வார இடைவெளியில், இரண்டு வெற்றிகள் கிட்டின.

முதலாவது அக்டோபரில், சுவீடனில். சிலருக்குப் பெருந்தமனியில் ஓரிடம் இறுகக் கட்டிய பை வாய் போலக் குறுகி இருக்கும். உடலின் மேற்பகுதியில் இரத்த அழுத்தம் ஏறும். கால்களில் நாடி மெலியும். கிளாரன்ஸ் கிராஃபோர்டு என்ற மருத்துவர் ஒரு 12 வயதுச் சிறுவனின் குறுகிய பகுதியை வெட்டி எறிந்து, இரு முனைகளையும் இழுத்து ஒன்றோடொன்று தைத்தார். வெளிப்பொருள் ஏதும் தேவைப்படவில்லை.

இரண்டாவது நவம்பர் 29ஆம் நாள், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில். 1888இல் பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோ விவரித்த நாற்குறை என்னும் நோயில் நுரையீரலுக்குச் செல்லும் வழி குறுகியிருக்கும். போதிய இரத்தம் நுரையீரலை அடையாமல் குழந்தையின் உதடும் நகமும் நீலம் பூக்கும். ஓடியாடும் குழந்தை மூச்சு வாங்கித் திடீரெனக் குந்தி உட்காரும். இக்குழந்தைகளுக்கு நுரையீரலின் இரத்த ஓட்டத்தை அதிகமாக்க வழி தேட வேண்டும் என்று வற்புறுத்தியவர் ஹெலன் டாசிக் என்ற பெண் மருத்துவர். கைக்குச் செல்லும் தமனியைத் திருப்பி நுரையீரல் தமனியில் தைத்தவர் ஆல்ஃபிரெட் பிளாலாக். அதை நாய்களிடம் செய்து பார்த்து முறையை உருவாக்கியவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின ஆய்வக உதவியாளர். 15 மாதக் குழந்தை ஒன்றுக்கு முதல் அறுவை நடந்தபோது, மருத்துவப் பட்டம் இல்லாத தாமஸ் பின்னால் ஒரு முக்காலியில் நின்று, அடுத்த தையலை எங்கே போடுவது என்று பிளாலாக்கிற்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியாற்றைத் திருப்பியது போன்ற வேலைதான் இது: குறை இருந்த இடத்தைத் தொடவில்லை, வேறு வழியாக ஓட்டத்தைத் திருப்பினார்கள்.

இரண்டு அறுவைகளிலும் பயன்பட்டது குழந்தையின் சொந்தத் தமனி. அது உயிருள்ளது, வளர்வது. 1966இல் அமெரிக்க மருத்துவர்கள் வால்ட்ஹாசனும் நார்வால்டும் இதே எண்ணத்தை இன்னொரு வகையில் பயன்படுத்தினர். இடக் கைக்குச் செல்லும் தமனியை நெடுக்கே பிளந்து, அதையே மடித்துக் குறுகிய பெருந்தமனிமேல் ஒட்டாக வைத்தனர். ஒட்டு குழந்தையோடு வளர்ந்தது. அதற்கு விலையும் உண்டு: அந்தக் கைக்கு இரத்தம் சுற்றுவழியாகச் சென்றது, சில குழந்தைகளின் இடக்கை சற்றே குட்டையாக வளர்ந்தது. மேலும், குறை பெரிதாக இருந்தால் எடுத்துக்கொடுக்கச் சொந்தத் தமனியும் போதாது.

இறந்தவர் தந்த தமனி

சொந்தத்தில் இல்லையென்றால் பிறரிடம் கேட்க வேண்டியதுதான். பாஸ்டன் நகரின் ராபர்ட் கிராஸ், விபத்தில் இறந்தவர்களின் தமனிகளைக் குளிரில் பாதுகாத்து, 1948இல் குழந்தைகளுக்குப் பொருத்தினார். தொடக்கத்தில் அவை நன்றாகவே வேலை செய்தன. ஆண்டுகள் செல்லச் செல்லச் சுவரில் சுண்ணம் படிந்தது. சில குழாய்கள் விரிந்து புடைத்தன.

ஆயினும் இம்முறை மறையவில்லை. 1966இல் இலண்டனில் டொனால்டு ராஸ், நுரையீரல் தமனி முற்றும் அடைபட்ட ஒரு குழந்தைக்கு, இறந்தவரின் பெருந்தமனியை அதன் வால்வோடு சேர்த்தெடுத்துப் பொருத்தினார். வலக் கீழறைக்கும் நுரையீரலுக்கும் இடையே புதிய வழி கிடைத்தது. பின்னர்த் திரவ நைட்ரஜனின் கடுங்குளிரில் தமனிகளைப் பாதுகாக்கும் முறை வந்தது. 1980களின் தொடக்கத்தில் வில்லியம் நார்வுட், இதயத்தின் இடப்பாதியே வளராத குழந்தைகளுக்குப் பெருந்தமனியைப் புதிதாகக் கட்டியமைத்தார். அவ்வகை அறுவைகளிலும் இறந்தவர் தந்த தமனியே பெரிதும் பயன்பட்டது. அது மென்மையானது, வளைவுகளுக்குப் படிந்து கொடுக்கும், ஊசித்துளையில் இரத்தம் கசியாது. ஆனால் அது வளராது. பச்சிளங் குழந்தையின் உடல் அதை அயலாகக் கண்டு எதிர்ப்பதால், சில ஆண்டுகளிலேயே இறுகிக் குறுகுவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் இறந்து, அவர் குடும்பம் மனமிசைந்து கொடுத்தால்தான் அது கிடைக்கும்.

துணிக்கடையில் கிடைத்த தமனி

தட்டுப்பாடில்லாத பொருள் ஒன்று வேண்டும் என்ற தேடல் துணிக்கு இட்டுச்சென்றது. நியூயார்க்கில் ஆர்தர் வோரீஸ் என்ற இளம் மருத்துவர், நாயின் இதயத்தில் விட்டுப்போன ஒரு பட்டு நூலைச் சில மாதங்கள் கழித்துக் கண்டார். நூலின்மேல் வழுவழுப்பான உயிர்ப்படலம் ஒன்று படர்ந்திருந்தது. நூலின்மேல் படர்ந்தால் துணியின்மேலும் படரும் அல்லவா? பாராசூட்டுக்கான செயற்கைத் துணியைக் குழாயாகத் தைத்து நாய்களில் பொருத்தி, 1952இல் முடிவை வெளியிட்டார். ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி, இளமையில் தாயிடம் கற்ற தையலைக்கொண்டு, வீட்டுத் தையல் இயந்திரத்திலேயே டெக்ரான் துணியில் குழாய்கள் தைத்தார். கடையில் நைலான் தீர்ந்துபோயிருந்ததால் டெக்ரான் வாங்க நேர்ந்தது என்று அவரே சொன்னதுண்டு. டெக்ரான் என்பது நம் ஊர்க் கடைகளில் விற்கும் பாலியெஸ்டரே.

முதியவர்களுக்கு டெக்ரான் பெரும் வரமாயிற்று. குழந்தைகளிடம் கதை வேறாக முடிந்தது. 1957இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபோசுல்டே, குறுகிய பெருந்தமனியை வெட்டி எடுக்காமல், நெடுக்கே பிளந்து ஒட்டு வைத்து அகலமாக்கும் முறையைக் கொண்டுவந்தார். அறுவை எளிது, நேரமும் குறைவு. பல நாடுகளில் டெக்ரான் ஒட்டைக்கொண்டு இதைச் செய்தனர். குழந்தைகள் நலமாக வீடு திரும்பினர்.

பல ஆண்டுகள் கழித்து அவர்களுள் சிலரின் மார்புப் படங்களில் ஒரு புடைப்பு தெரிந்தது. ஒட்டு கிழியவில்லை. ஒட்டுக்கு நேர் எதிரே இருந்த சொந்தச் சுவர்தான் பலூன் போல ஊதியிருந்தது. காரணம் பின்னர் விளங்கிற்று. துணி ஒட்டு விறைப்பானது. துடிப்புக்கு ஏற்ப விரியாது. அது விரியாத குறையையும் சேர்த்து எதிர்ச்சுவரே விரிய வேண்டியிருந்தது. சிமெண்டுக் கரைக்கு அடுத்த மண்கரை உடைவது போன்றதே இதுவும். புடைப்பு வெடித்தால் உயிருக்கே ஆபத்து. எனவே குழந்தைகளின் பெருந்தமனியில் இம்முறை பெரும்பாலும் கைவிடப்பட்டது. குறுகிய பகுதியை வெட்டி முனைகளைச் சேர்க்கும் கிராஃபோர்டின் முறை, மேலும் திருத்தம் பெற்று, மீண்டும் முதலிடத்துக்கு வந்தது.

நுரையீரல் பக்கம் பொருத்திய டெக்ரான் குழாய்களில் வேறொரு தொல்லை. உட்புறத்தில் தடித்த படலம் வளர்ந்து, வீட்டுத் தண்ணீர்க் குழாயில் உப்புப் படிவது போல வழியை அடைத்தது. 1970களில் வந்த கோர்-டெக்ஸ் என்னும் செயற்கைப் பொருள் சிறு குழாய்களுக்கு ஏற்றதாக அமைந்தது. 1981இல் இலண்டனின் மார்க் டி லெவால் குழுவினர், பிளாலாக் அறுவையில் கைத்தமனியைப் பலியிடாமல், இடையே கோர்-டெக்ஸ் குழாய் வைக்கும் முறையை வெளியிட்டனர். அதுவும் வளராது. ஆனால் முழு அறுவைக்குக் குழந்தை தயாராகும் வரையில் சில மாதங்கள் தாங்கினால் போதும் என்பதால், அங்கே அது பொருத்தமான தேர்வு ஆயிற்று.

இதயத்தைச் சுற்றியே ஒரு துண்டு

அறுவை மருத்துவர் மார்பைத் திறந்தவுடன் முதலில் காண்பது இதய உறையைத்தான். இதயத்தைச் சுற்றியுள்ள இந்த மெல்லிய பை, குழந்தையின் சொந்தத் திசு; விலையில்லாதது; கையெட்டும் இடத்தில் இருப்பது. ஒரு துண்டை வெட்டியெடுத்தால் குழந்தைக்குப் பெரிய தீங்கில்லை.

இதன் அருமையை நன்கு காட்டியது, பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று அமைந்துவிடும் குறை. 1975இல் பிரேசில் நாட்டின் அடிப் ஜதேனே இரு தமனிகளையும் வெட்டி இடம் மாற்றித் தைத்து வெற்றி கண்டார். இதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் சிறு தமனிகளையும் சட்டைப் பொத்தான் அளவு சுவரோடு சேர்த்தெடுத்துப் புதிய இடத்தில் பொருத்த வேண்டும். எடுத்த இடத்தில் இரண்டு பள்ளங்கள் விழும். அவற்றை இதய உறைத் துண்டால் நிரப்புவது வழக்கமாயிற்று.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. பச்சையான உறை ஈரத் துணி போல மடங்கிச் சுருளும். அழுத்தம் மிகுந்த இடத்தில் தைத்தால் விரிந்து புடைக்கும். சில இடங்களில் சுருங்கும். அதற்கு ஒரு மாற்று, துண்டைச் சில நிமிடங்கள் குளுட்டரால்டிஹைடு கரைசலில் ஊறவைப்பது. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்த தோல் எவ்வாறு அழுகாமல் உறுதிப்படுகிறதோ அவ்வாறே இதுவும். இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகள் உண்டாகித் துண்டு விறைப்பும் வலுவும் பெறுகிறது. ஆனால் பதனிட்ட தோலுக்கு உயிரில்லை. பதனிட்ட உறைக்கும் வளரும் திறன் இல்லை. வலுவா, உயிரா என்ற இந்த இழுபறிதான் பிஞ்சுத் தமனி ஒட்டுகளின் வரலாறு முழுவதும் ஓடும் இழை.

பன்றியும் மாடும்

தோல் பதனிடும் அந்த வேதிப்பொருளை இதய அறுவைக்குள் கொண்டுவந்தவர் பாரிஸ் நகரின் அலைன் கார்ப்பாந்தியே. 1960களின் பிற்பகுதியில் பன்றியின் இதய வால்வைக் குளுட்டரால்டிஹைடில் பதப்படுத்தி மனிதருக்குப் பொருத்தினார். உடல் அதை எதிர்க்கவில்லை. மாட்டின் இதய உறையும் அதே முறையில் ஒட்டுத் துண்டாக வந்தது. பெரிய துண்டாகவும், ஒரே தடிமனாகவும், எப்போதும் கிடைப்பதாகவும் இருந்தது.

முதியவர்களிடம் பதினைந்து ஆண்டு உழைத்த இந்தத் திசுக்கள், குழந்தைகளிடம் சில ஆண்டுகளிலேயே கல்லாய் இறுகின. எலும்பு வளரும் வயதில் உடலில் சுண்ணமும் பாஸ்பரமும் மிகுந்த வேகத்தில் புழங்குகின்றன. பதப்படுத்திய திசுவில் எஞ்சியிருக்கும் இறந்த செல்களின் கொழுப்புப் பொருள்கள் அந்தச் சுண்ணத்தை ஈர்த்துப் பிடிக்கின்றன. குழந்தையின் எதிர்ப்புத் திறனும் முதியவர்களைவிடச் சுறுசுறுப்பானது. ஆக, எந்த வளர்ச்சியை விரும்பி ஒட்டுப்போடுகிறோமோ, அந்த வளர்ச்சியே ஒட்டைக் கெடுக்கிறது. 1999 முதல் பயன்பாட்டுக்கு வந்த மாட்டின் கழுத்துச் சிரை, இயற்கையாகவே வால்வு கொண்டது என்பதால் நுரையீரல் பக்கம் பரவலாகப் பொருத்தப்பட்டது. ஆயினும் அதுவும் வளரும் குழாய் அன்று.

நம் நாட்டு முயற்சிகள்

தமிழகத்தில் இத்துறையின் வேர் வேலூரில் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த ரீவ் பெட்ஸ், 1940களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நெஞ்சு அறுவைத் துறையைத் தொடங்கினார். அங்கே டாக்டர் கோபிநாத் 1961இல் செய்தது, இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவைகளுள் ஒன்று. அதே கல்லூரியில் பணியைத் தொடங்கி, வெளிநாடுகளில் பயிற்சி பெற்றுத் திரும்பிய டாக்டர் கே. எம். செரியன், 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நாட்டின் முதல் இதயத் தமனி மாற்றுவழி அறுவையைச் செய்தார்.

மேற்கு மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில், டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் வளர்ந்தது. அறுவைக்கூடத்தையும் பொருள் ஆய்வகத்தையும் ஒரே நிறுவனத்தில் அமைத்ததே அதன் சிறப்பு. வெளிநாட்டு வால்வின் விலை நம் நோயாளிகளுக்கு எட்டாததால், உள்நாட்டிலேயே வால்வு செய்ய முனைந்து, பல தோல்விகளுக்குப் பிறகு 1990 டிசம்பரில் முதல் சித்ரா வால்வை நோயாளிக்குப் பொருத்தினர். ஒட்டுத் திசுவுக்கும் இதே நெருக்கடி உண்டு. எந்தப் பொருள் சிறந்தது என்பதோடு, எது கிடைக்கும், எந்த விலைக்குக் கிடைக்கும் என்பதையும் நம் மருத்துவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

செரியன் பின்னாளில் சென்னை முகப்பேரில் நிறுவிய மருத்துவமனையின் ஆய்வகத்தில், விலங்குத் திசுக்களைப் பற்றிய ஆராய்ச்சி நடந்தது. பதனிடுவதற்குப் பதில் செல்களையே கழுவி நீக்குவது அதன் அடிப்படை. மாட்டின் இதய உறையிலிருந்தும் சிரையிலிருந்தும் செல்களை அகற்றினால் எஞ்சுவது வெறும் இழைச் சட்டகம். எதிர்ப்பைத் தூண்டுவதும் சுண்ணத்தை ஈர்ப்பதும் பெரும்பாலும் செல்களின் எச்சங்களே ஆதலால், சட்டகம் நெடுநாள் நிற்கும். நோயாளியின் சொந்தச் செல்கள் அதில் குடியேறவும் கூடும் என்பது எதிர்பார்ப்பு. வலியத்தான் 2024இலும் செரியன் 2025இலும் மறைந்தனர்.

இவ்வழியில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2001இல் ஆஸ்திரியாவின் வியன்னாவில், செல் நீக்கிய பன்றித் திசுவால் ஆன குழாயை நான்கு குழந்தைகளுக்குப் பொருத்தினர். மூன்று குழந்தைகள் ஓராண்டு அளவிலேயே இறந்தன. நான்காவது குழந்தையின் குழாயை மருத்துவர்கள் முன்கூட்டியே அகற்றினர். செல்கள் முழுவதும் நீங்கவில்லை என்பது பின்னர்த் தெரிந்தது. அம்மருத்துவர்கள் தோல்வியை மறைக்காமல் 2003இல் வெளியிட்டதால், மற்ற நாட்டுக் குழந்தைகள் காப்பாற்றப்பட்டனர்.

வளரும் குழாய்

வலுவும் உயிரும் ஒருங்கே கொண்ட குழாயை ஆய்வகத்தில் உண்டாக்க முடியுமா? 1999 மே மாதம் தோக்கியோவில் தோஷிஹாரு ஷினோகா குழுவினர் அதற்கு முயன்றனர். ஒரு நான்கு வயதுச் சிறுமியின் காலிலிருந்து சிறிது சிரையை எடுத்து, அதன் செல்களை வளர்த்து, கரைந்துபோகும் தன்மையுள்ள ஒரு குழாய்மீது விதைத்தனர். அதை அவள் நுரையீரல் தமனியில் பொருத்தினர். சாரம் கரைய, சுவர் நிற்கும் என்பது கருத்து. பின்னர் இம்முறையில் குழாய் பெற்ற வேறு சிலருக்கு வழி குறுகியது. பலூன் செலுத்தி விரித்தனர். குழாய் வெடிக்கவில்லை. இவ்வாராய்ச்சி இன்னும் எல்லா மருத்துவமனைக்கும் வரும் நிலையை எட்டவில்லை.

ஆகவே இன்றைய தேர்வு இடத்துக்கு இடம் மாறுகிறது. முனைகளை இழுத்துச் சேர்க்க முடிந்தால் ஒட்டே வேண்டாம். சிறு பள்ளத்துக்குச் சொந்த இதய உறை. அழுத்தம் மிகுந்த பெருந்தமனி வளைவுக்கு இறந்தவர் தந்த தமனி. அது கிடைக்காதபோது பதப்படுத்திய இதய உறை அல்லது மாட்டுத் திசு. தற்காலிக வழிக்குக் கோர்-டெக்ஸ். நுரையீரல் பக்கத்து வால்வுக் குழாய்க்கு இறந்தவரின் தமனியோ மாட்டின் சிரையோ. பிற்காலத்தில் அதை மாற்ற வேண்டிவரும் என்று தெரிந்தே பொருத்துகின்றனர். சில சமயம் பழைய குழாய்க்குள்ளேயே, தொடைச் சிரை வழியாகப் புதிய வால்வைச் செலுத்தி, மார்பைத் திறக்காமல் முடிக்கவும் இப்போது வழியுண்டு.

நாம் செய்யக்கூடியவை

இவ்வரலாற்றிலிருந்து பொதுமக்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு.

ஒன்று, தானம். மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பெறும் ஏற்பாடு தமிழகத்தில் 2008 முதல் வலுப்பெற்றது. 2011இல் திருத்தப்பட்ட நடுவண் சட்டம், உறுப்புகளோடு திசுக்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. இன்னொருவருக்குப் பொருத்த இயலாத இதயத்திலிருந்தும் வால்வும் தமனியும் பயன்படலாம். தில்லி, திருவனந்தபுரம் போன்ற சில நகரங்களில் இவற்றைப் பாதுகாக்கும் வங்கிகள் உள்ளன. கண்தானம் பற்றித் தெரிந்த அளவுக்கு இத்தானத்தைப் பற்றி நம் மக்களுக்குத் தெரியாது.

மற்றொன்று, மறு பரிசோதனை. 2009 முதல் தமிழக அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் இதய அறுவையும் அடங்கியுள்ளதால், அனுமந்தன்பட்டி போன்ற ஊர்களின் ஏழைக் குழந்தைகளுக்கும் அறுவை எட்டியுள்ளது. குழந்தை ஓடியாடுவதைக் கண்டதும், இனி நோயில்லை என்று பெற்றோர் மருத்துவமனைப் பக்கம் போவதை நிறுத்திவிடுவது இயல்பு. ஆனால் டெக்ரான் ஒட்டுக்கு எதிரே ஊதிய சுவர் வலிக்கவில்லை. சுண்ணம் படிந்த குழாய் தொடக்கத்தில் எந்த அடையாளமும் காட்டவில்லை. ஒலியலைப் படம் எடுத்தால்தான் தெரியும். இதயத்தில் ஒட்டோ குழாயோ உள்ள குழந்தைக்குப் பல்லைச் சுத்தமாக வைப்பதும் மருத்துவமே. பல்லிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமி ஒட்டில் தங்கக்கூடும். பல் பிடுங்குமுன் இதய மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீடு திரும்பும் நாளில் மருத்துவமனை தரும் தாளில், எந்த அறுவை, எந்த ஒட்டு, எத்தனை மில்லிமீட்டர் குழாய் என்பவை எழுதப்பட்டிருக்கும். பதினைந்து ஆண்டுகள் கழித்து, க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரியிலோ மதுரையிலோ வேறொரு மருத்துவர் அந்தப் பிள்ளையைப் பார்க்கும்போது, முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். நிலப் பட்டாவை வைக்கும் பெட்டியில் அதையும் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.